இரண்டாயிரத்தில் ஒரு பங்கு

கேமரா கடைக்காரர் அந்த லென்ஸைக் கண்ணாடி மேசைமேல் வைக்கும்போதே சொல்லிவிட்டார். "மேடம், இது உங்களுக்கு வேண்டாம்."

என்னிடம் யாராவது ஒரு பொருளை வேண்டாம் என்று சொன்னால் போதும், அது எனக்கு வேண்டும். பிறவிக் குணம். என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து எனக்கு எதை வாங்கிக்கொடுக்க நினைக்கிறாரோ அதைத்தான் வேண்டாம் என்பார். கடைக்காரருக்கு அந்தச் சூட்சுமம் தெரியவில்லை.

"ஏன் வேண்டாம்? பொம்பள தூக்க முடியாதுன்னா?"

"அதுக்கில்ல மேடம். இது பழைய மாடல். அறுநூறு மில்லிமீட்டர், எவ்வளவு தூரத்துல இருந்தாலும் கிட்ட இழுத்துடும், அதெல்லாம் சரி. ஆனா கை நடுக்கத்தைத் தடுக்கிற வசதி இதுல கிடையாது. லேசா ஆடினாலும் படம் கலங்கிடும். அதுக்குப் பயந்து ஷட்டரை வேகமா வெப்பீங்க. வேகமா வெச்சா சின்ன விமானத்துக்கெல்லாம் ஃபேன் நின்னுடும். உங்ககிட்ட இருக்கிற முந்நூறே போதும். அதுல நூத்திருபத்தஞ்சுல வெச்சு அழகா எடுக்கிறீங்களே."

விமானத்தைப் படமெடுக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெட் விமானத்தை எவ்வளவு வேகமான ஷட்டரிலும் எடுக்கலாம். மூக்கில் விசிறி வைத்த சின்ன விமானம் அப்படி இல்லை. ஷட்டர் ஒரு நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் விசிறி சுழன்று படத்தில் வட்டமாக ஒரு புகை போலத் தெரியும். அதைப் பார்த்தால் விமானம் பறக்கிறது என்று நம்பலாம். அதையே இரண்டாயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் விசிறியின் இதழ்கள் அசையாமல் நிற்கும். நன்றாக ஓடுகிற இன்ஜினும் படத்தில் நின்றுபோனதாகத்தான் இருக்கும், கடையில் தொங்கவிட்ட பொம்மை விமானம் மாதிரி.

விமானப் படமெடுப்பவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு படத்தைப் போட்டவன் தொலைந்தான். "ஃப்ரிட்ஜ்" என்று ஒரே ஒரு வார்த்தை வந்து விழும். ஃப்ரிட்ஜில் வைத்து உறையவைத்த விமானம் என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் குழுவில் முதலில் போட்டது நான்தான். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் ஒருவர் ஆசை ஆசையாகத் தன் முதல் படத்தைப் போட்டார். "ஃப்ரிட்ஜ். கதவைச் சாத்துங்க டாக்டர், குளிர் வெளிய போகுது" என்று எழுதினேன். நாற்பது பேர் சிரித்தார்கள். மறுநாள் அவர் குழுவை விட்டே போய்விட்டார். அதற்கும் சிரித்தேன்.

அப்படிப்பட்ட எனக்குக் கடைக்காரர் சொன்னது புரியாமல் இல்லை. ஆனால் ரேடார் அறுநூறு வாங்கியிருந்தார். ரேடார் என்பது எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர். ஓய்வுபெற்ற தபால்காரர், எந்த விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அவர் போட்ட புதுப் படத்தில் விமானி காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனின் ஒயர்கூடத் தெரிந்தது. இறக்கையில் அடித்த ஆணிகளை எண்ணலாம். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு ஓய்வூதியக் காலத்தில் புது மாடல் அமைந்தது, எனக்கு அமைந்தது யாரோ விற்றுவிட்டுப் போன பழையது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பீரங்கியா? யார் மேல சண்டைக்குப் போற?" என்றார்.

"முதல்ல உங்க மேலதான்."

"அப்போ சரி" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். பத்தொன்பது வருஷம். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, அவ்வளவுதான், விடுங்க. நாளைக்கு எண்பது தடவை இதைச் சொல்லுவேன். வேலையில் நான் ஒரு மாதிரி. எலும்பில் முறிவு லேசாகத் தெரிகிறது, கொஞ்சம் அழுத்தமாகக் காட்டிக்கொடு என்று ஒரு பெரிய டாக்டர் கேட்டபோது, "படத்துல இருக்கிறதுதான் இருக்கும். இல்லாததைச் சேர்க்க நான் ஓவியம் வரையிறவ இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அதைச் சொன்ன வாய் இதுதான் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

என் தம்பி விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கும் பறக்கும் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். அங்கே நான்கே விமானங்கள், நான்கும் அவன் கையில். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அவனால்தான். எது எப்போது மேலே போகிறது என்று அவன்தான் சொல்லுவான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை போன் செய்தான்.

"அக்கா, இன்னைக்கு உனக்கு லீவுதான? மூணரைக்கு மஞ்சள் வண்டி மேல போகுது. நேத்துதான் சர்வீஸ் முடிச்சேன். எல்லாம் சரியா இருக்கான்னு பயிற்சியாளர் தனியா ஒரு சுத்து சுத்திட்டு வருவார். உன் பீரங்கியத் தூக்கிட்டு வா."

ஓடுபாதை கடலில் போய் முடியும் இடத்தில் கருங்கல்லைக் கொட்டித் தடுப்பு கட்டியிருப்பார்கள். அதுதான் எங்கள் இடம். அன்று வேலைநாள், குழுவில் யாரும் வரவில்லை. தூண்டில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். சொன்னபடி மூன்றரைக்கு மஞ்சள் விமானம் எழும்பியது. கை எவ்வளவு ஆடும் என்று தெரியாததால் ஷட்டரை இரண்டாயிரத்தில் வைத்து ஒன்பது படம் எடுத்தேன். சும்மா பழகிப் பார்க்கத்தான். திரும்பி வரும்போது நூற்றிருபத்தைந்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாற்ற மறந்துவிட்டேன்.

நாலு பத்துக்கு அது திரும்பி வந்தது. எனக்குப் பின்னால் ஓடுபாதையில் ஒரு பெரிய ஜெட் புறப்படுவதற்காக முழு இரைச்சலுடன் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. மஞ்சள் விமானம் தண்ணீருக்கு மேலே தாழ்வாக, எனக்கு எதிரே வலமிருந்து இடமாகப் போனது. இவ்வளவு கிட்டத்தில் அது வந்ததே இல்லை. விமானியின் முகத்தில் ஃபோகஸை நிறுத்தி விரலை அழுத்தினேன். பதினோரு படம். முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அந்த முகத்திலும் முகத்தைப் பார்க்கவில்லை, தெளிவாக விழுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கேமராவை இறக்கி, பின்பக்கத் திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஆணி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. கதவோரத்தில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றாக எண்ணலாம். ரேடாரின் மூக்கை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். தூண்டில்காரர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நிமிர்ந்து பார்த்தேன். கடல்தான் இருந்தது. வெள்ளையாக நுரை ஒரு வட்டம், அதன் நடுவில் மஞ்சளாக ஒரு இறக்கை, அதுவும் போய்க்கொண்டிருந்தது. ஒரு விமானம் என் கண்ணுக்கு எதிரே விழுந்திருக்கிறது. நான் குனிந்து அதன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயிற்சியாளரின் உடலை அன்றே எடுத்துவிட்டார்கள். உடைந்த விமானக் கூட்டை மறுநாள் எடுத்தார்கள். இன்ஜின் மட்டும் விசிறியோடு பிய்த்துக்கொண்டு போய் எங்கோ சேற்றில் புதைந்துவிட்டது. பத்து நாள் தேடியும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் ரேடார் எழுதினார். யாரிடமாவது படம் இருக்கிறதா, இருந்தால் அவருக்கு மரியாதையாக ஒன்று போடுங்கள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பதினொன்றில் ஆறாவது நன்றாக இருந்தது. அதைப் பெரிதாக்கியபோதுதான் விசிறி கண்ணில் பட்டது. அசையாமல் நின்றது.

இப்போது சொல்லப்போவதை நான் என் வீட்டுக்காரரிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. ஒரு மனுஷன் செத்து மூன்று மணிநேரம்தான் ஆகியிருந்தது. எனக்கு வந்த முதல் நினைப்பு, ஐயையோ, ஃப்ரிட்ஜ் என்பார்களே. சத்தியமாக அதுதான். அந்த நேரத்தில் எவனும் அப்படி எழுதியிருக்கமாட்டான். ஆனால் மனதுக்குள் சொல்லிக்கொள்வான். எனக்கு அது போதும். விசிறியைச் சுற்றி வட்டம் போட்டு, ஒரு பட்டனைத் தட்டினால் அதைச் சுழல்வது போலக் கலைத்துக் கொடுக்கிற வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை ரகசியமாகச் செய்திருக்கிறேன். மூன்றாவது தடவை செய்தேன். ஒன்றும் பெரிய பொய் இல்லை, ஓடுகிற விசிறியை ஷட்டர் நிறுத்திவிட்டது, நான் அதைத் திரும்ப ஓடவைக்கிறேன், அவ்வளவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விமானம் பறந்துகொண்டுதானே இருந்தது. புகை மாதிரி அழகாக ஒரு வட்டம் வந்தது. போட்டேன்.

மறுநாள் அது எல்லாப் பேப்பரிலும் வந்தது. "கடைசிவரை ஓடிய இன்ஜின்" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

தம்பி அன்று காலை என் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம், முந்தின நாள் சட்டை. வாசலில் நின்றபடியே பேப்பரைக் காட்டினான்.

"ஃபேன் சுத்துதுல்ல அக்கா?"

"உள்ள வா முதல்ல."

"சுத்துதுல்ல? நீதான எடுத்த, சொல்லு."

"சுத்துது" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். சர்வீஸில் இன்ஜினுக்குப் புது ஆயில் ஃபில்டர் போட்டிருக்கிறான். அதை முடுக்கியபின் அதிர்வில் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, ஆயில் முழுக்க வெளியே போய், இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

"கட்டினேன்னு படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கு. கட்டினது ஞாபகம் வரல. நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன், வரவே இல்ல. இந்தப் படத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

எழுதிவைத்த மாதிரி ஒரு வாய்ப்பு. அப்போதே சொல்லியிருக்கலாம், டேய், அந்தச் சுழற்சி நான் போட்டதுடா என்று. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினேனா, நம்ப விரும்பினேனா, கடவுளுக்கே வெளிச்சம். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். குடைந்து குடைந்து கேட்பவர் இல்லை, சொன்னதைப் பொறுமையாக எழுதிக்கொள்பவர். மேசைமேல் என் படத்தின் பெரிய பிரதி இருந்தது.

"இது கேமரால வந்த மாதிரியே இருக்கிற படம்தானம்மா? எதுவும் மாத்தலையே?"

"இல்ல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? குழுவில் கேலி செய்வார்கள் என்று விசிறியைச் சுற்றிவிட்டேன் சார் என்றா? அவமானம் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். தூண்டில்காரர்கள் இருவரும், ஜெட் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பயிற்சியாளர் ரேடியோவில் எதையோ பேச ஆரம்பித்திருக்கிறார், பாதியில் அறுந்துவிட்டது. ஆக மொத்தம் சாட்சி என்று இருந்தது என் படம் ஒன்றுதான்.

நாலு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இன்ஜின் இயங்கிக்கொண்டிருந்தது புகைப்படத்தால் உறுதியாகிறது. விமானி தேவைக்கு மேல் தாழ்வாகவும் மெதுவாகவும் வந்து கட்டுப்பாட்டை இழந்தார். தவறு அவருடையது.

தம்பி அன்றைக்குத்தான் முழுச் சாப்பாடு சாப்பிட்டான் என்று அவன் மனைவி போன் செய்து சொன்னாள். மறுவாரம் வேலைக்கும் திரும்பினான்.

அதற்குப் பத்து நாள் கழித்து ரேடார் கூப்பிட்டார். "பயிற்சியாளரோட மனைவி உங்க நம்பர் கேட்டாங்க. கொடுத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க."

அந்தப் பெண்மணியே கூப்பிட்டார். குரல் போனில் சன்னமாக இருந்தது. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலையாம். "மேடம், பேப்பர்ல வந்த படத்துல அவர் முகம் சின்னதா இருக்கு. உங்ககிட்ட இன்னும் கிட்டத்துல தெரியிற மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"கண்டிப்பா எடுத்துட்டு வரேன்."

"பொண்ணு கேட்டுட்டே இருக்கா. ஸ்கூல்ல ஒருத்தி, உங்கப்பாவுக்கு ஓட்டவே தெரியாதாமே, அவர் மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராமான்னு கேட்டிருக்கா. இவ அடிச்சிட்டு வந்துட்டா. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அவர் ஒம்பதாயிரம் மணிநேரம் பறந்தவர் மேடம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முகம் எதில் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பதினோரு படங்களையும் முதல்முறையாக ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தேன். இரண்டாவதில் முகம் நன்றாக இருந்தது. நாலாவதில் உதட்டைக் கடித்திருந்தார். ஏழாவதில் வலது கை எதையோ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் விசிறியைக் கவனித்தேன்.

விசிறிக்கு இரண்டு இதழ்கள். முதல் படத்தில் ஒன்று கடிகாரத்தின் பதினொன்றிலும் மற்றது ஐந்திலும் நின்றது. இரண்டாவதிலும் பதினொன்று, ஐந்து. மூன்றாவதிலும். பதினோராவது வரை அதே பதினொன்று, அதே ஐந்து. ஓடுகிற விசிறியை ஷட்டர் நிறுத்தியிருந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் அல்லவா நிறுத்தியிருக்கும்? விமானம் நகர்கிறது, பின்னால் அலை மாறுகிறது, அந்த மனிதரின் கை நகர்கிறது. விசிறி மட்டும் நகரவில்லை.

தம்பியை வரச்சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பதினொன்றையும் காட்டினேன். பேப்பரில் வந்த சுழற்சி எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உன் கேமரா செகண்டுக்கு எத்தனை எடுக்கும்?" என்றான் கடைசியில்.

"பத்து."

"இன்ஜின் நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு சுத்தினா, செகண்டுக்கு நாப்பது. பத்து படம்னா, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சரியா நாலு சுத்து. சுத்தி முடிச்சுப் பழைய இடத்துக்கே வந்து நிக்கும். பார்த்தா நின்ன மாதிரிதான் இருக்கும் அக்கா." அவன் குரல் ஏறியது. "கணக்கு சரியா வருது பாரு. ஓடிட்டே இருந்திருக்கலாம்."

கணக்கு சரியாகத்தான் வந்தது. ஒரு நிமிஷம் நானும் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். கடவுளே, அப்படியே இருந்துவிடட்டும் என்று மனசார வேண்டினேன். பிறகு அன்று மூன்றரைக்கு விமானம் எழும்பும்போது எடுத்த ஒன்பதையும் திறந்தேன். அதே விமானம், அதே கேமரா, அதே இரண்டாயிரம். முதலாவதில் இதழ் பன்னிரண்டில். அடுத்ததில் இரண்டில். அதற்கடுத்து பத்தில். ஒன்பதும் ஒன்பது இடத்தில் நின்றன.

"என் கேமரா அப்படி அளந்து வெச்ச மாதிரி எடுக்காதுடா. முன்னப்பின்னதான் எடுக்கும். இறங்கும்போது இன்ஜினும் ஒரே வேகத்துல ஓடாது. உனக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் எப்போதும் போகாத கறுப்பு.

"கட்டலை போலிருக்கு" என்றான்.

நான் திரையை அணைத்தேன்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அழிச்சிடு அக்கா."

"அந்தம்மாவோட பொண்ணு ஸ்கூல்ல அடிதடி பண்ணிட்டு வருதுடா."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"அதுக்காக?"

அவன் எழுந்துகொண்டான். என் தம்பி என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. "நான் பொய் சொல்லலை அக்கா. ஞாபகம் இல்லைன்னுதான் உன்கிட்டச் சொன்னேன், அவங்க கேட்டிருந்தா அவங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உன் படத்தைப் பார்த்துட்டுத்தான் அவங்க என்னைக் கேட்காமலே விட்டாங்க. பொய் சொன்னது நீ. இப்போ உனக்கு மனசு உறுத்துது, அதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணும். அதான?"

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டும் என்றுதான் சொன்னான். ஊரையே எடுத்தெறிந்து பேசுகிறவள், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் படங்களை அழிக்கவில்லை. அழிக்காமல் இருந்ததைப் பெரிய நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு வாரம் அந்தப் பெண்மணியின் போனை எடுக்கவும் இல்லை. வேலையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் பதினொன்றையும் காகிதத்தில் போட்டு ஒரு உறையில் வைத்தேன். முகம் நன்றாக இருந்த இரண்டாவதை மட்டும் பெரிதாகப் போட்டு இன்னொரு உறையில் வைத்தேன். எந்த உறையைக் கொடுக்கப் போகிறேன் என்று அவர் வீட்டு மாடிப்படி ஏறும்வரை எனக்கே தெரியாது. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் முதல் நாள் வேலைக்குப் போகும்போது சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தவள். பெரிய படத்தை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது என்றுதான் கதவைத் தட்டும்போது முடிவு செய்தேன்.

சின்ன வீடு. ஜன்னலோரத்தில் இஸ்திரி மேசை, அதன்மேல் பாதி மடித்த பள்ளிச் சீருடை. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்த அந்தக் கன்னத்தை விரலால் தொட்டார்.

"அன்னைக்குக் காலையில சவரம் பண்ணிக்கலை. லேட்டாயிடுச்சுன்னு ஓடினார். அதுகூடத் தெரியுது" என்றார்.

பிறகு அவர் விரல் படத்தின் முன்பக்கம் நகர்ந்தது.

"ஏன் மேடம், இதுல ஃபேன் நிக்குது? பேப்பர்ல சுத்துற மாதிரி இருந்துச்சே."

எனக்குப் பதில் தயாராக இருந்தது. தேட வேண்டியதே இல்லை, நூறு பேருக்குச் சொன்ன பதில். "ஷட்டரை வேகமா வெச்சு எடுத்தா அப்படித்தான் தெரியும். ஓடுற ஃபேனும் நின்ன மாதிரி இருக்கும். எந்த விமானத்தை எடுத்தாலும் இப்படித்தான்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

"ஓ" என்றார் அவர். நம்பிவிட்டார். படத்தை மேசைமேல் நிறுத்திவைத்தார். "ஒரு நிமிஷம் நான் இன்ஜின் நின்னு போயிருக்குமோன்னு நினைச்சுட்டேன். நின்னிருக்கக் கூடாதான்னு ஆசையாக்கூட இருந்துச்சு. ஆள் போனது போனதுதான். ஆனா அவர் தப்பு இல்லைன்னு ஆயிடும் பாருங்க." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "பைத்தியக்காரத்தனம். விடுங்க. டீ குடிக்கிறீங்களா?"

டீ வேண்டாம், உட்காருங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். பையிலிருந்து அடுத்த உறையை எடுத்தேன். சீருடையை ஒதுக்கிவிட்டு, இஸ்திரி மேசைமேல் பதினொன்றையும் வரிசையாக வைத்தேன்.

"நின்னுதான் போச்சு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று, ஐந்து என்று ஒவ்வொரு படத்திலும் தொட்டுக் காட்டினேன். பேப்பரில் வந்தது எப்படி வந்தது என்பதையும், அதிகாரி கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும், படங்களைப் பார்த்தபிறகும் இரண்டு வாரம் அவர் போனை எடுக்காமல் இருந்ததையும் சொன்னேன். அழவேண்டும் போலிருந்தது. அழுவதற்கு எனக்கு அங்கே உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அவரும் அழவில்லை. ஏழாவது படத்தில் அவர் கணவரின் கை நீண்டிருந்த இடத்தைக் காட்டி, "திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்த்திருக்கார்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பதினோரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"அந்த இன்ஜினை சர்வீஸ் பண்ணினது யாரு?"

"என் தம்பி" என்றேன்.